கதிரைக்குக் கிட்ட நிண்ட சாடி

"ஓம் பிள்ளை, குடிச்சவ. முழுக்கக் குடிச்சவ. கிளாஸை நான்தானே கழுவி வைச்சனான்" எண்டு ரெலிபோனுக்குச் சொன்ன அருளம்பலம், மற்றக் கையால சாடியில நிண்ட கண்டின்ர இலை ஒண்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டு நிண்டார். கால்கரியில இருக்கிற மகள் நிரோஜினி ஒவ்வொரு மத்தியானமும் இதே கேள்வியைத்தான் கேப்பாள். அம்மா சாப்பிட்டவவோ, என்ன சாப்பிட்டவ, உள்ள தங்கினதோ. இவரும் முந்தி வேலை செய்த பொயிலர் அறையில அடுத்த ஷிவ்ற்காரனுக்கு ஒப்படைக்கிற மாதிரிச் சொல்லுவார், காலமை கஞ்சி, பேந்து தாளிச்ச மோர், சத்தி இல்லை, இப்ப உள்ளுக்க படுத்திருக்கிறா. அப்ப ஏனப்பா நிறை இறங்கிக்கொண்டு போகுது எண்டு அவள் கேட்டாள். ஆசுப்பத்திரித் தராசு பிழை பிள்ளை, உதைக் கடைசியா ஆர் சரிபாத்தது எண்டு நான் அண்டைக்கே அந்த நேர்ஸிட்டக் கேட்டனான், அவவுக்கு முகம் சிவந்து போச்சு, எண்டார் இவர். மகள் சிரிக்கேல்லை. வியாழக்கிழமை திரும்ப நிறுப்பினம், இன்னும் இறங்கியிருந்தால் கீமோவை நிப்பாட்டித்தான் வைக்கவேணும் எண்டு டாக்குத்தர் சொன்னது ரெண்டு பேருக்கும் தெரியும். சரி அப்பா, நீங்கள் சாப்பிடுங்கோ எண்டு அவள் வைச்சிட்டாள். இவர் ரெலிபோனைச் சாரத்தில செருகிக்கொண்டு திரும்பவும் இலையைப் பாத்தார். மஞ்சள்.

சும்மா மஞ்சள் எண்டால் கூடப் பரவாயில்லை. கீழ் இலை மட்டும் மஞ்சளிச்சால் நைதரசன் காணாது. நரம்பு பச்சையா நிண்டு இடையில மஞ்சளிச்சால் மக்னீசியம். கொழுந்து வெளிறினால் இரும்பு. நுனி கருகினால் பசளை கூடிப்போச்சு. இதெல்லாம் இன்ரநெற்றில தாடி வைச்ச பெடியள் தொப்பியைப் பின்பக்கமாப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு சத்தியம் பண்ணிச் சொன்ன கதை. இந்தச் சாடிக்கு அவ்வளவு வருத்தமும் ஒண்டா வந்திருக்கு. கீழ மஞ்சள், நடுவில வரி, மேல வெளிறல், நுனியில சுருட்டுக் குடிச்சு முடிஞ்ச மாதிரிக் கருகல். ஒருத்தன் பட்டினி எண்டுறான், மற்றவன் திகட்டல் எண்டுறான், மூண்டாமவன் ரெண்டுக்கும் இலை ஒரே மாதிரித்தான் கிடக்கும், நீ வேரைக் கேள் எண்டுறான். வேர் என்ன, கேட்டவுடன வாய் திறந்து கதைக்கப்போகுதோ. வீட்டுக்கு நாலு கண்டு வளர்க்கலாம் எண்டு அரசாங்கமே விட்டிருக்கிற நாட்டில, அந்த நாலையும் ஒழுங்கா வளர்க்கத் தெரியாமல் ஒருத்தன் நிக்கிறான் எண்டால் அவனுக்குக் களவு வேற எதுக்கு எண்டு நினைக்க அருளம்பலத்துக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. களவெண்டு ஒண்டும் இல்லைத்தான், சட்டப்படிதான், டாக்குத்தரிட்டயும் சொல்லிப்போட்டுத்தான். ஆனாலும் கஞ்சா எண்ட சொல்லை இந்த வீட்டில இன்னும் ஒருத்தரும் பிலத்துச் சொன்னதில்லை. மனிசி யோகமலரின்ர தங்கச்சி வந்து எட்டிப் பாத்து இது என்ன அத்தான் எண்டு கேக்க, மரவள்ளி எண்டு சொல்லிவைச்சார். இலையும் ஏறக்குறைய அப்பிடித்தானே, விரிச்ச கை மாதிரி. அவ போகேக்க, கிழங்கு கிண்டினால் எனக்கும் ரெண்டு எடுத்து வையுங்கோ எண்டிட்டுப் போனா. கிழங்கு. முதல்ல இலை மிஞ்சட்டும்.

யோகத்துக்குச் சத்தி நிண்டு பசி எடுக்கட்டும் எண்டு, கடையில விக்கிற கஞ்சா எண்ணெயைத்தான் முதல்ல வாங்கினவர். அதைக் குடிச்ச அண்டைக்கு யோகம் விடியும் வரைக்கும் கட்டில்ல குந்தியிருந்து, மேல சுத்துற காத்தாடி தன்னையே பாக்குது, நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டினாலும் பாக்குது எண்டு அழுதா. அதோட கடைச்சாமான் வேண்டாம் எண்டிட்டா. வேலிக்கு அங்கால இருக்கிற போர்த்துக்கல்காரன் மனுவேல்தான், தன்ர முழங்கால் நோவுக்கெண்டு வளர்க்கிற சாந்தமான இனத்தில ஒரு குட்டிப் போத்தில் எண்ணெய் காய்ச்சித் தந்தவன். அது ஒத்துவந்தது. அண்டைக்குப் பின்னேரம் யோகம் சொதியோட ஒரு இடியப்பம் சாப்பிட்டு, இன்னொண்டு இருக்கோ எண்டு கேட்டதை அருளம்பலம் தன்ர கண்ணால கண்டவர். இன்னொண்டு இருக்கோ. கலியாணம் கட்டின நாளில இருந்து அவ தன்ர வாயால அப்பிடிக் கேட்டு இவர் கேட்டதில்லை, அவவுக்கு எப்பவும் கடைசியில சட்டியில மிஞ்சினதுதான். இவர் அந்தரப்பட்டு ரெண்டு இடியப்பத்தைக் கொண்டுபோய் வைச்சிட்டு, அவ பிச்சுப் பிச்சுச் சாப்பிடுறதைப் பாத்துக்கொண்டே நிண்டார். அண்டையில இருந்து அப்பிடி நிக்கிறதே பழக்கமாப் போச்சு. மனுவேல் அதே கண்டில நாலு கொப்பு வெட்டி வேர் வரப்பண்ணித் தந்திட்டு, குளிர்காலத்துக்கு ஊருக்குப் போயிட்டான். போகேக்கச் சொன்னவன், தண்ணி விடு, வெளிச்சம் குடு, மற்ற நேரம் ரெண்டு கையையும் பொக்கற்றுக்குள்ள வைச்சிரு எண்டு. சாரத்துக்கு ஏது பொக்கற். போத்திலில அடி தெரியத் தொடங்கீட்டுது, கண்டில இப்பதான் எண்ணெய்க்கு வேண்டிய பூ முட்டுது, இந்த நேரம் பாத்து இலை மஞ்சளிக்குது.

ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்து. மாத்திப்போட்டுப் பொறு. பொறுத்துப்போட்டுப் பார். இரவுப் பள்ளிக்கூடத்தில மக்கின்ரயர் எண்ட ஸ்கொட்லாந்துக்காரன் பொயிலர்க் கோளாறு பிடிக்கிறதுக்குச் சொல்லித்தந்த வழி அதுதான். பகலெல்லாம் இறைச்சிப் பக்ரறியில பெட்டி அடுக்கிப்போட்டு இரவில அந்த வகுப்பில நித்திரை தூங்கித் தூங்கிப் படிச்சாலும் அது மட்டும் மண்டையில ஆணி அடிச்ச மாதிரி நிண்டது. அதை வைச்சே ரெண்டு ஆசுப்பத்திரி பொயிலரையும் ஒரு சோப்புக் கொம்பனி பொயிலரையும் பென்சன் எடுக்கும்வரை ஓட்டினவர். வீட்டில அது சரிவரேல்லை. ஒரு கிழமைக்குள்ள நைதரசன் வைச்சார், அது வேலை செய்ய முதல் மக்னீசியத்துக்கெண்டு எப்சம் உப்பு வைச்சார், அதுவும் பிடிக்க முதல் கல்சியம், பேந்து இரும்புத் தண்ணி. மக்கின்ரயர் பாத்திருந்தால் தன்ர மிச்ச விரலையும் வெட்டியிருப்பான், அவனுக்கு ஏற்கெனவே ஒண்டு இல்லை. என்ன செய்யிறது, பொயிலர் ஒண்டும் வியாழக்கிழமை தராசில ஏறி நிக்கப்போறதில்லையே. பொயிலர் எண்டால் பொறுக்கலாம். யோகத்தின்ர கழுத்தெலும்புக்குப் பின்னால இப்ப ஒரு குழி விழுந்திருக்கு, அதில தண்ணி விட்டால் நிக்கும், காலமை சீப்பால தலை இழுத்துவிடேக்க கண்டவர். கண்டிட்டு இஞ்ச வந்து இலையை எண்ணினார்.

அதிலும் பெரிய எரிச்சல் என்னெண்டால், நாலும் ஒரே கண்டில வெட்டினது, ஒரே மண், ஒரே தண்ணி. சுவரோரம் நிக்கிற சாடி கறுத்த பச்சையா, ஒரு கவலையும் இல்லாமல், மற்ற மூண்டையும் நக்கலடிக்கிற மாதிரி நிக்குது. யோகம் பகலில வந்து இருக்கிற சாய்மனைக் கதிரைக்குக் கிட்ட நிக்கிற சாடிதான் சாகக்கிடக்குது. நடுவில நிக்கிறது ரெண்டும் அரைகுறை. சரி, கண்டில குற்றமோ இடத்தில குற்றமோ எண்டு பாப்பம் எண்டு போன மாதம் கதிரையடிச் சாடியை சுவரோரத்துக்கும், சுவரோரத்தில நிண்ட பச்சையை கதிரையடிக்கும் மாத்தி வைச்சார். அது ஒண்டுதான் அவர் மக்கின்ரயர் சொன்னபடி ஒழுங்காச் செய்த வேலை. சுவரோரம் போனது மெல்ல மெல்லப் பச்சை பிடிச்சு இப்ப நக்கலடிக்கிற நிலைக்கு வந்திட்டுது, கதிரையடிக்கு வந்த பச்சை இப்ப மஞ்சள். அப்ப கண்டில பிழையில்லை, இடத்திலதான். இடத்தில என்ன பிழை. யன்னல் நீக்கலால குளிர் வருதாக்கும் எண்டு நீக்கலெல்லாம் பசை பூசி அடைச்சார். கீழ கிடக்கிற வெக்கைக் காத்து வாற ஓட்டை இலையைக் காய்ச்சுதாக்கும் எண்டு அதுக்கு மட்டையை வைச்சு மூடினார். அறை குளிர்ந்து போச்சு. யோகம் இன்னொரு சுவெற்றரை எடுத்துப் போட்டுக்கொண்டா. சாடியள் நிக்கிற அந்தக் கண்ணாடி அறையில நல்லா வெயில் விழுற இடம் அதுதான், அதுக்காகத்தான் கதிரையையும் அதில போட்டது, சாடியையும் அதில வைச்சது. ரெண்டுக்கும் ஒரே வெயில், ரெண்டுக்கும் ஒரே மனிசன் ஓடி ஓடிப் பணிவிடை. ரெண்டும் மஞ்சள்.

மண்ணைக் கிண்டிப் பாக்கவேணும் எண்டு குசினியில இருந்து ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு வந்தார். குசினியில அடுப்பில கோழிச் சூப் சின்ன நெருப்பில கிடந்தது, அவ எழும்பினவுடன குடுக்கவெண்டு. கதிரையில இருந்துகொண்டு குனிஞ்சால் கை நேர சாடிக்குள்ளதான் போகுது எண்டது அப்பவும் இவருக்கு உறைக்கேல்லை. மேல் மண் ஓடு மாதிரி இறுகி, விளிம்பில வெள்ளையா உப்புப் பூத்திருந்தது. கரண்டியால கிளப்பினார். புளிச்ச மணம் ஒண்டு வந்தது. வேர் அழுகினால் வாற மணம் வேற, சேத்து மணம், அதை இன்ரநெற்காரர் கனக்க வர்ணிச்சிருக்கினம். இது தெரிஞ்ச மணம். எங்கயோ ஒவ்வொரு நாளும் மணக்கிற மணம். இன்னும் கொஞ்சம் கிளப்ப, கரண்டி நுனியில கறுப்பா ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. ஏதோ பூச்சி முட்டை எண்டுதான் முதல்ல நினைச்சார். அதுக்கும் ஒரு மருந்து தேடவேணுமோ எண்டு அலுத்துக்கொண்டு கண்ணாடியை நெத்தியில இருந்து இறக்கிப்போட்டுப் பாத்தார். கடுகு. வெடிச்ச கடுகு. அதுக்குப் பக்கத்தில கறிவேப்பிலைத் துண்டு ஒண்டு, தாளிச்சது, விளிம்பு சுருண்டது. அதுக்குக் கீழ ஊதின அரிசிப் பருக்கை ரெண்டு மூண்டு, கஞ்சியில கிடக்கிற குத்தரிசி. இன்னும் கீழ, பழைய மண்ணோட மண்ணா, வெள்ளைக் களி, ஆசுப்பத்திரியில சத்துக்கெண்டு குடுத்த வனிலாப் பாலாத்தான் இருக்கவேணும்.

அருளம்பலம் கரண்டியைப் பிடிச்சபடி குந்தியிருந்தார். சுடுதண்ணி. ஒவ்வொரு நாளும் இவர் மோரையோ கஞ்சியையோ கையில குடுத்திட்டு முன்னால நிண்டால், ரெண்டு மிடறு குடிச்சிட்டு, கொஞ்சம் சுடுதண்ணி கொண்டுவாறியளோ எண்டு கேப்பா. இவர் ஓடிப்போய்க் கேத்திலை வைச்சு அது கொதிக்கும்வரை நிண்டு ஆத்தி எடுத்துக்கொண்டு வரேக்க கிளாஸ் வெறுமையாக் கிடக்கும். உதட்டில வெள்ளை. நல்ல பிள்ளை எண்டு சொல்லி இவர் கிளாஸை வாங்குவார். கேத்தில் கொதிக்கிற நேரத்துக்குள்ள ஒரு கிளாஸை முடிக்கிறா எண்டு மகளுக்குப் பெருமையாச் சொன்னதும் இவர்தான். உதட்டில வெள்ளையைத் தொட்டு வைச்சிருக்கிறா. கிளாஸுக்குள்ள விரலை விட்டுத் தொட்டு வைச்சிருக்கிறா. அந்த ஒரு விரல் வேலைதான் இவருக்கு முதல்ல கோபத்தைக் கொண்டுவந்தது. நடிப்பு. அறுபத்தஞ்சு வயசில. கரிமருந்தில நெருப்புப் பத்தின மாதிரிக் கோபம் வந்தது. எவ்வளவு மினக்கெட்டு, கடைகடையாத் திரிஞ்சு, தயிரைக் கடைஞ்சு, உப்பு அளந்து, கடுகைக் கருகவிடாமல் தாளிச்சு, அவ்வளவும் சாடிக்குள்ள. உப்பு. மோரில உப்பு, கஞ்சியில உப்பு, சூப்பில உப்பு. அதுக்கு மேல இவர் எப்சம் உப்பு. கண்டு மஞ்சளிக்காமல் என்ன செய்யும், கண்டுக்கு வாய் இருந்தால் அதுவும் சுடுதண்ணி கேட்டிருக்கும். அந்த நேர்ஸிட்டப் போய் தராசு பிழை எண்டு சொன்னதை நினைக்கக் காது சுட்டது. தராசில ஒரு பிழையும் இல்லை. உள்ளுக்க போய் எழுப்பிக் கேக்கவேணும். இந்தக் கரண்டியை அப்பிடியே கொண்டுபோய்க் காட்டவேணும். இது என்ன யோகம், இது என்ன, வியாழக்கிழமை எனக்கோ தராசு, உமக்கோ தராசு. சொல்லச் சொல்ல வசனம் நல்லாத்தான் வந்தது, மூண்டு முறை மனசுக்குள்ள சொல்லிப் பாத்தார். மூண்டாம் முறை சொல்லேக்க, அவ என்ன மறுமொழி சொல்லுவா எண்டு யோசிச்சார். மறுமொழி சொல்லமாட்டா. சரி, குடுங்கோ எண்டு கிளாஸை வாங்கிக் குடிப்பா. குடிச்சுப்போட்டு, இவர் அங்கால போகும்வரை அடக்கிக்கொண்டு இருந்து, பேந்து பாத்ரூமில பைப்பைத் திறந்துவிட்டு, சத்தம் கேக்காமல் சத்தி எடுப்பா. அது இவருக்கு இப்பவே கேட்டது.

எண்ணெய் ஒத்துவந்தது அந்த இடியப்பத்தோட சரி. இன்னொண்டு இருக்கோ எண்டதோட. பேந்து எப்ப வேலை செய்யாமல் விட்டது எண்டு இவருக்குத் தெரியாது, ஏனெண்டால் அவ சொல்லேல்லை. சொல்லியிருப்பா, இவர் முன்னால நிக்காமல் இருந்திருந்தால். ரெண்டு இடியப்பத்தைக் கொண்டுவந்து வைச்சிட்டு இவர் முகத்தை எப்பிடி வைச்சுக்கொண்டு நிண்டாரோ, அந்த முகத்தைப் பாத்து ஆருக்குத்தான் வேண்டாம் எண்டு சொல்ல வரும். இரவுப் பள்ளிக்கூடம் போன காலத்தில இவரும் வழியில நண்பனோட டோனற்றும் திண்டு கோப்பியும் குடிச்சு வயிறு நிரம்பித்தான் வீட்டுக்கு வருவார். அவ பிட்டை மூடிவைச்சு, மேசையில தலையை வைச்சு நித்திரை தூங்கிக்கொண்டு இருப்பா. இவர் அவ்வளவையும் சாப்பிடுவார், தொண்டைவரை வந்து நிக்கும், நல்லாயிருக்கு யோகம் எண்டுவார். வயிறு நிரம்பித்தான் வந்தனான் எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்குத் திடமான வயிறு இருந்தது, சாப்பிட்டார். அவவுக்கு இல்லை, சாடி இருந்தது. அவ வளர்க்கிற கறிவேப்பிலைச் சாடியும் கைக்கெட்டின தூரத்திலதான் கதிரைக்கு மற்றப் பக்கம் நிக்குது. அதுக்குள்ள ஒரு சொட்டு விடேல்லை. தன்ர கறிவேப்பிலையைக் காப்பாத்திப்போட்டு என்ர கண்டுக்குள்ள ஊத்தியிருக்கிறா எண்டு நினைக்க, அந்த எரிச்சலுக்க ஒரு சின்னச் சிரிப்பு வந்து நெஞ்சில இடறிச்சுது.

பொயிலரில ஒவ்வொரு ஷிவ்ற்றும் முதல் வேலை அடி வால்வைத் திறந்து கொஞ்சத் தண்ணியை வெளிய விடுறதுதான். தண்ணி கொதிச்சு ஆவியாப் போகும், அதில கரைஞ்ச உப்பு போகாது, அடியில தங்கும், தங்கித் தங்கிப் பாறையாப் பிடிச்சு, கடைசியில எவ்வளவு நெருப்பு எரிச்சாலும் சூடு உள்ள ஏறாது. அதாலதான் ஊத்துறது மாதிரி விடவும் வேணும். வாழ்நாள் முழுக்க அந்த வால்வைத் திருகின கை, இந்தச் சாடிக்கு ஊத்த மட்டும்தான் தெரிஞ்சிருந்தது. சாகக்கிடந்த பழைய கதிரையடிச் சாடி சுவரோரம் போய் ஏன் பச்சை பிடிச்சது. அங்க ஒருத்தரும் ஒண்டும் ஊத்தேல்லை, இவர் விடுற தண்ணியைத் தவிர. கதிரையடியில நிண்டதைப் பட்டினியெண்டு நினைச்சு நாங்கள் தீத்தத் தீத்தத்தான், வேரில உப்பு ஏறி அது பட்டினி கிடந்திருக்கு. அருளம்பலம் எழும்பினார், முழங்கால் ரெண்டும் சத்தம் போட்டுது. சாடியைத் தூக்கிக்கொண்டு போய் குளிக்கிற தொட்டியில வைச்சு, பைப்பை மெல்லத் திறந்துவிட்டார். வெறும் தண்ணி. அடி ஓட்டையால முதல்ல தேத்தண்ணி நிறத்தில வந்தது, பேந்து பால் கலந்த மாதிரி, நுரையோட, புளிச்ச மணத்தோட. வரட்டும். தெளிஞ்சு வரும்வரை ஓடட்டும். பேந்து ஒண்டும் வைக்கிறதில்லை, காயவிடுறது, பொறுக்கிறது. கண்டுக்குச் சரி. வியாழக்கிழமைக்கு என்ன செய்யிறது. தராசுக்கு முன்னால போய் நிண்டு, அம்மா பிள்ளை, தராசு சரி, நான்தான் பிழை எண்டு அந்த நேர்ஸிட்டச் சொல்லவேணும், இவ சாப்பிடுறதில்லை, ஒண்டும் தங்கிறதில்லை, நான் நம்பிக்கொண்டு இருந்தனான், இனி என்ன வழி எண்டு கேக்கவேணும். அவை மருந்தை நிப்பாட்டினால். நிப்பாட்டாமல் வேற வழி காட்டினால். அவை கேக்கிறதுக்கு முதல் யோகத்திட்ட எப்பிடிச் சொல்லுறது, கடுகைக் காட்டாமல். காட்டாமலே விடுறதோ. சாடி இல்லாமல் அவ நாளைக்கு எங்க ஊத்துவா. எங்கயும் ஊத்தத் தேவையில்லாமல் நான் குடுக்காமல் விட்டால். குடுக்காமல் விட்டால் நான் அந்த அறையில போய் என்ன செய்யிறது, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

உள்ளறையில கட்டில் கிறீச்சிட்டுது. "இஞ்சாருங்கோ" எண்டு யோகத்தின்ர குரல் வந்தது, நித்திரையில இருந்து எழும்பின குரல், நூல் மாதிரி.

"சூப் சூடாக்கிடக்கு யோகம், கொண்டுவரட்டோ" எண்டு வாய் பழக்கத்தில சொல்லிப்போட்டுது. சொன்னவுடன நாக்கைக் கடிச்சார். தொட்டியில தண்ணி ஓடிக்கொண்டு கிடந்தது.

"சும்மா வாங்கோ" எண்டா அவ. பேந்து, கேக்கிறதோ விடுறதோ எண்டு யோசிச்ச மாதிரி, மெல்ல, "கையில ஒண்டும் கொண்டுவராமல் வாங்கோ."

அருளம்பலம் குசினிக்குப் போய் அடுப்பை நிப்பாட்டினார். கரண்டியில ஒட்டியிருந்த கடுகை விரலால தட்டிவிட்டு, கையைக் கழுவி, சாரத்தில துடைச்சுக்கொண்டு போனார்.